தரவரிசைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் ஒரு கல்லூரியிலிருந்து வேறொரு பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பட்டப்படிப்புக்கு இடமாற்றம் கேட்கும் வெளிநாட்டு மாணவர்கள், பல்கலைக்கழகத் தரவரிசையை வைத்து முடிவெடுக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் அந்தப் பட்டத்தின் சிஐபி குறியீட்டை, அதாவது பாடப்பிரிவைக் குறிக்கும் எண்ணைக் கேளுங்கள். 45.0601 என்றால் பொதுப் பொருளாதாரம். படிப்பு முடிந்து ஓபிடியில் (மாணவர் விசாவில் இருப்பவர்கள் தங்கள் துறையில் வேலை செய்யத் தரும் தற்காலிக அனுமதி) வேலை செய்ய 12 மாதம்தான். 45.0603 என்றால் அளவுசார் பொருளாதாரம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வருகிறது. தகுதியான வேலை கிடைத்தால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பாடத்தின் பெயரோடு இந்த எண்ணும் இருக்கும். ஒரே பல்கலைக்கழகத்திலேயே இரண்டு பொருளாதாரப் பட்டங்கள் வெவ்வேறு குறியீட்டில் இருப்பதுண்டு, கவனம்.

அப்புறம் கிரெடிட், அதாவது ஏற்கெனவே படித்த பாடங்களுக்கான மதிப்பு அலகுகள். புதிய பல்கலைக்கழகம் மொத்தம் எத்தனை ஏற்றது என்பதைவிட, இடைநிலை மைக்ரோ, மேக்ரோ, புள்ளியியல் மூன்றும் மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) கணக்காகுமா என்பதுதான் முக்கியம். வெறும் எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) ஏற்றால் அதே பாடத்தை மறுபடி எடுக்க வேண்டிவரும். ஒரு செமஸ்டர் கூடினால் வெளிநாட்டு மாணவருக்கு அது பெரிய பணம். துறையிடமே கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) படித்துவிட்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: உத்தரவாதச் சேர்க்கையான டேக் திட்டத்தில் அதன் வளாகங்களான பெர்க்லியும் யூசிஎல்ஏவும் (லாஸ் ஏஞ்சலஸ்) கிடையாது. டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உண்டு.