தட்டிப் பார்த்தால்தான் தெரியும்

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு. கனடாவில் இருக்கிற மகளிடம் போகப்போகிற மாமா ஒருவர், தன் டிக்கெட்டில் போயிங் 787 என்று இருப்பதைக் காட்டி, "பிளாஸ்டிக் பிளேனிலயா என்னை ஏத்தப் போறீங்கள்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ அவர் பயந்தது பிழையாகப் படவில்லை. பயந்த இடம்தான் பிழை.

787இன் எடையில் ஏறக்குறைய பாதி, காபன் நாரைப் பிசினில், அதாவது ஒருவகைப் பிளாஸ்டிக்கில், தோய்த்து அடுக்கடுக்காக இறுக்கிய பொருள். எயர்பஸ் ஏ350இல் அதைவிடக் கொஞ்சம் கூட. பலம் பற்றிய கவலை வேண்டாம். அலுமினியம் மட்டும் என்ன, 1988இல் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் 737 பறந்துகொண்டிருக்கும்போதே கூரை பிய்ந்து போனது, உலோகம் அரித்து வெடிப்பு விழுந்ததால்தானே? காபன் நார் துருப்பிடிக்காது, அழுத்தம் ஏறி இறங்கினாலும் உலோகம் போல லேசில் வெடிப்பு விழாது. அதனால்தான் உள்ளே ஈரப்பதனும் காற்றழுத்தமும் கொஞ்சம் கூட வைக்க முடிகிறது. நீண்ட பயணத்தில் தலையிடி குறைவு. தீ? 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஏ350இல் இருந்து 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். (மோதுண்ட கரையோரக் காவல் விமானத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள், பாவம்.)

சரி, எங்கே பயப்பட வேண்டும்?

அலுமினியத்தில் ஏதாவது இடித்தால் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். காபன் உடம்பு சிலவேளை இடியை வாங்கி வெளியே பழையபடி நிமிர்ந்துவிடும்; உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். முகத்துவாரத்தில் ஃபைபர் வள்ளம் திருத்துகிற அண்ணர் ஒருவரைத் தெரியும். சில்லறைக் காசால் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் 'டிங்' என்னும், பிரிந்த இடம் 'டொக்' என்னும். விமானக்காரரும் இதையேதான் செய்கிறார்கள், மீயொலிக் கருவியும் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குப் படாத சின்னக் காயங்களோடும் தாங்குகிற மாதிரித்தான் வடிவமைக்கிறார்கள்.

ஆனால் பெட்டி ஏற்றுகிற வாகனம் பலமாக முட்டினால்? எங்கே தட்டிப் பார்ப்பது என்று முட்டியவன் சொன்னால்தான் தெரியும்.

நான் முன்பு வேலை செய்த களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பெடியன் ஒரு தூணில் இடித்ததைத் தானாக வந்து சொன்னான். சம்பளத்தில் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒருத்தரும் எதையும் இடித்ததேயில்லை, கேட்டால். விமான நிலையத்திலும் அப்படி ஒரு மேலாளர் இருந்தால், அவர்தான் என் பயம். முட்டியதைச் சொல்பவனைத் தண்டிக்கக் கூடாது என்பதை விதியாகவே வைக்க வேண்டும்.

இவ்வளவையும் மாமாவுக்கு விளக்கினேன். "அப்ப யன்னல் சீட் எடுத்துத் தா, பெட்டி ஏத்துறவனைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார்.