பழைய தோட்டாச் சாமானுக்கு பிறாசோ (பித்தளை மினுக்கிற பொலிஷ்) போடாதீங்க

முதலே சொல்லிப்போடுறன், இது துவக்கு பற்றின பதிவில்ல. சுட்டு முடிஞ்ச வெத்துக்கோத வீட்டில வச்சே கையால திருப்பி நிரப்பின காலத்துச் சாமான்களப் பற்றினது. நான் இதுகளச் சேர்க்கிறன் எண்டு தெரிஞ்சவுடன பாதிச் சொந்தக்காரர் "உனக்கேன்டா தேவையில்லாத வேலை" எண்டுதான் கேட்டவை. அவயளயும் பிழை சொல்லேலாது, திருகோணமலையில சண்டைக் காலத்தில இப்பிடி ஒண்டு வீட்டு அலுமாரியில கிடந்திருந்தா யாருக்கு என்னெண்டு விளங்கப்படுத்துறது? ஆனா அந்தப் பயத்திலயே எவ்வளவு நல்ல சாமான் கிணத்துக்குள்ளயும் இரும்புக் கடைக்கும் போயிட்டுது எண்டதுதான் என்ட கவலை.

தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வயல் செய்த பழைய குடும்பங்களில காட்டுப்பண்டிக்கெண்டு லைசன்ஸ் துவக்கு இருந்தது. அப்ப தோட்டாக் கோது பிளாஸ்டிக் இல்ல, கடுதாசி, அடியில மட்டும் பித்தளை. பிளாஸ்டிக் கோத றெமிங்டன் கொம்பனி கொண்டு வந்ததே 1960இல தான். கடுதாசிக் கோதின்ட வாய மூடுறதுக்கு ஒரு குட்டி மெசின் இருக்கு, மேசை விளிம்பில திருகி இறுக்கிப்போட்டு கைபிடியச் சுத்தினா உள்ளுக்க இருக்கிற அச்சு சுழண்டு கடுதாசி விளிம்ப உள்பக்கமா சுருட்டி, மேல வச்ச அட்டை வட்டத்த அப்பிடியே அமத்திப் பிடிச்சிரும், பாய் முடையிற ஆச்சிமார் விளிம்பு மடிக்கிற மாதிரி அவ்வளவு சுத்தம். அதோட சுட்ட கெப்ப, அதாவது கோதின்ட அடியில மருந்தப் பத்த வைக்கிற சின்ன மூடிய, தட்டி வெளிய எடுக்க ஒரு கம்பி, புதுசு இறுக்க ஒண்டு, வெடிமருந்து அளக்க மரப்பிடி போட்ட பித்தளை அளவுக் கிண்ணம் ஒண்டு. இவ்வளவுதான் முழு செட்டும்.

இதுகளில நல்லது கனக்க இங்கிலாந்து ஷெஃபீல்ட்டில செய்தது. ஜேம்ஸ் டிக்சன் அன்ட் சன்ஸ், ஹோக்ஸ்லி எண்ட பேருகள் சின்ன எழுத்தில குத்தியிருக்கும். இரும்புக் கடையில ஒருக்கா ஒரு அளவுக் கிண்ணத்தக் கண்டு "நானா, இது என்ன விலை?" எண்டு கேட்டன். "தம்பி, பித்தளை விலைதான், நிறுத்துத் தாறன்" எண்டார், நிறுத்தே தந்தார். வீட்ட வந்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தா, ஆரோ பிறாசோ போட்டு மினுக்கி மினுக்கிப் பேர் குத்தின இடம் வழுக்கிப்போய்க் கிடக்கு! ட்ராம் எண்ட பழைய மருந்தளவுக் கோடு மட்டும் விரல் நகத்துக்குத் தட்டுப்படுது. உருக்கினவனில எனக்குக் கோவம் குறைவு, அவனுக்கு அது பித்தளை. மினுக்கி ஷோகேசில வைக்கிறவர் தான் ஆசைப்பட்டு வாங்கி அதின்ட அடையாளத்த அழிக்கிறார். கறுத்த பித்தளைய அப்பிடியே விடுங்க, அது ஊத்தை இல்ல.

இப்ப முக்கியமான கேள்வி, இத வச்சு நிரப்பலாமா? இங்க நினைக்கவே வேணாம். துவக்குக்கு 1916ம் ஆண்டுச் சட்டம் இருக்கு, வெடிமருந்துக்கு 1956ம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கு, அதுக்கு மேல சொல்ல ஒண்டுமில்ல. சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அந்தக் கிண்ணத்தில இருக்கிற ட்ராம் அளவு கரிமருந்துக்கு, அதாவது பழைய கறுப்பு வெடிமருந்துக்கு வச்சது, கொள்ளளவுக் கணக்கு. இப்பத்தைய புகையில்லாத வெடிமருந்து நிறைக் கணக்கு, அத அதே கோடு மட்டும் நிரப்பினா துவக்குக் குழல் வெடிக்கும், பிடிச்சவன்ட கையும் போகும். சாமான் எப்பிடி வேலை செய்யுதெண்டு தெரியாமச் சேர்க்கிறதில எனக்கு உடன்பாடில்லாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

கனடாவில இருக்கிற மச்சான் லைசன்ஸோட மான் வேட்டைக்குப் போற ஆள், அவன் இண்டைக்கும் லீ லோடர் எண்ட பழைய கைச்செட்டால தான் நிரப்புறான். 1958இல றிச்சர்ட் லீ எண்டவர் தொடங்கினது, மரச் சுத்தியலும் மேசையும் போதும். அது கோதின்ட கழுத்த மட்டும்தான் இறுக்கும், அதால ஒரு றைபிளில சுட்ட கோத திருப்பி அதே றைபிளுக்குத்தான் பாவிக்கலாம். "மெதுவாத்தான் மச்சான் போகும், ஆனா ஒவ்வொண்டும் கையில தட்டுப்படும்" எண்டுவான். இன்னொரு வகை குறடு மாதிரி, ஐடியல் எண்டு ஜோன் பார்லோ 1884இல தொடங்கினது, 1925இல லைமன் கொம்பனி வாங்கிச்சு. மச்சானுக்கு அதிலயும் ஒரு கண், விலையப் பாத்துப்போட்டு பேசாம இருக்கிறான்.

என்னட்ட இருக்கிறதில நான் உண்மையா பாவிக்கிறது ஈயக் குண்டு வாக்கிற அச்சு மட்டும்தான். கத்திரிக்கோல் மாதிரி விரியும், மூடினா உருண்டைக் குழி. டச்சுபே பக்கம் தூண்டில் போடுற பெடியளுக்கு அதில ஈயம் வார்த்துத் துளைச்சுக் குடுக்கிறன். அச்ச முதல்ல நல்லாச் சூடாக்கோணும், இல்லாட்டி உருண்டை சுருக்கம் விழுந்து வரும், முதல் வாறதுகள திருப்பிச் சட்டிக்குள்ள போட வேண்டியதுதான். வெளியில காத்துப் படுற இடத்தில செய்யோணும், ஒரு சொட்டுத் தண்ணி உருகின ஈயத்தில விழுந்தாலும் சீறி மூஞ்சில அடிக்கும். "அன்ரிக் சாமானப் பாவிக்கிறியே" எண்டு ஒரு அண்ணன் சண்டைக்கு வந்தவர். அண்ணை, உங்கட ஷோகேஸ் அச்சு உப்புக்காத்தில துருப்பிடிச்சுத் திறக்கேலாமக் கிடக்கு, என்ட அச்சு எண்ணெயோட திறந்து மூடுது, எது பாதுகாப்பு?

எண்ணெய் எண்டா தையல் மெசின் எண்ணெய். தேங்காயெண்ணெய் பூசாதீங்க, கொஞ்ச நாளில பிசினாகி மூட்டு ஒட்டும். அந்தச் சுருட்டுற மெசின்ட மரக் கைபிடி மட்டும் உடைஞ்ச நிலையில ஒண்டு என்னட்டக் கிடக்கு, ஆருட்டயாவது முழுசா இருந்தா அளவெடுக்க படம் ஒண்டு போடுங்க, மினுக்காம.