‘சாதி இல்லை’ என்பது கொள்கை மட்டும்
‘சீக்கியத்தில் சாதி கிடையாது, பிரிட்டனில் அந்தப் பேச்சே இல்லை, சட்டமும் தடுத்துவிட்டது’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். முதல் பகுதி கொள்கை, அதில் தவறில்லை. மற்ற இரண்டும்தான் இடிக்கின்றன.

பிரிட்டனில் குருத்வாராக்களின் (சீக்கியக் கோயில்களின்) பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே தெரியும். தச்சர், கொல்லர் மரபினரின் ராம்கரியா குருத்வாராக்கள் (கென்யா, உகாண்டா வழியாக வந்தவர்கள் இவர்களில் அதிகம்), கார்டிஃப் போன்ற துறைமுக நகரங்களில் பாட்ரா சாதியினரின் குருத்வாராக்கள், தனியே ரவிதாஸ் சபைகள் (தலித் சமூகத்தில் பிறந்த குரு ரவிதாஸைப் பின்பற்றும் ரவிதாசியாக்களுடையவை). உள்ளே போக யாருக்கும் தடையில்லை, லங்கர் என்ற பொது உணவில் எல்லோருக்கும் ஒரே பந்திதான். உரசல் வருவது கல்யாணப் பேச்சிலும் நிர்வாகக் குழுவிலும். சாதி தெரியக் கூடாதென்று வந்த ‘சிங்’, ‘கவுர்’ பிரிட்டனில் பலருக்கு நடுப்பெயராகிவிட்டது. பின்னால் வரும் குலப்பெயர் காட்டிக்கொடுத்துவிடும்.

2009இல் வியன்னாவில் ரவிதாசியாக்களின் சமயத் தலைவர்களில் ஒருவரான சந்த் ராமானந்த், சீக்கியத் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ரவிதாசியாக்களில் ஒரு பிரிவினர் சீக்கிய மறைநூலான குரு கிரந்த் சாகிபுக்குப் பதிலாக, ரவிதாஸின் பாடல்கள் கொண்ட ‘அம்ரித்பாணி’யைத் தனி மறைநூலாக அறிவித்தார்கள். அந்தப் பிளவு பிரிட்டனுக்கும் வந்தது.

சட்டம்? பாகுபாட்டைத் தடுக்கும் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்கும்படி 2013இல் நாடாளுமன்றம் அரசைப் பணித்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டது. இன்று வழக்குப் போடுபவர், தன் விஷயத்தில் சாதி ‘இனப் பூர்வீகம்’ என்பதற்குள் அடங்கும் என்று காட்டியாக வேண்டும். 2014இல் வந்த வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத் தீர்ப்புதான் அதற்குப் பிடிமானம்.