எல்லாத் திரவத்துக்கும் லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல

"எந்தத் திரவமானாலும் ஒரு லிட்டர் ஒரு கிலோதான், இதைக்கூடப் பள்ளியில் சொல்லித் தருவதில்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. அந்தக் கணக்கு தண்ணீருக்குத்தான் ஏறக்குறையப் பொருந்தும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் இருக்கும். அதே அளவு தேன் சுமார் 1.4 கிலோ. லிட்டர் என்பது திரவம் அடைக்கும் இடத்தின் அளவு, அதாவது பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுரம்.

அப்புறம், அடர்த்தி, அதாவது ஒரு குறிப்பிட்ட அளவு இடத்தில் எவ்வளவு எடை அடங்குகிறது என்பது, பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்குகிறோம். அளவுக் குவளையையும் தராசையும் கையில் கொடுத்து, எண்ணெயை ஊற்றி நிறுத்துப் பார்க்கச் சொல்வதுதான் அரிது. எனக்கு வருத்தம் அதில்தான். குவளையின் எடையைக் கழித்துவிட்டு ஒருமுறை நிறுக்கவிடுங்கள், பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.