கான்ஸ்டன்ஸுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்

சூரிச்சிலிருந்து ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரம். ஆல்ப்ஸ் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் பலர் இதற்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். துறைமுகத்தில் இம்பீரியா சிலையோடு ஒரு படம், வானம் தெளிந்திருந்தால் ஏரிக்கு அப்பால் பனிமலைகள், ஒரு படகுச் சவாரி, அவ்வளவுதான், கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

அந்தச் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் பீட்டர் லெங்க் என்ற சிற்பி செய்தது. மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும் அந்தப் பெண்ணின் இரு கைகளிலும் ஆடையற்ற குட்டி மனிதர்கள். ஒருவன் தலையில் போப்பின் மகுடம், இன்னொருவன் தலையில் அரச முடி. 1414 முதல் 1418 வரை இங்கே கூடிய திருச்சபைப் பேரவையைத்தான் அது எள்ளுகிறது. அந்தப் பேரவையைப் பற்றித் தெரியாமல் சிலையை மட்டும் பார்த்து என்ன பயன்?

அப்போது மூன்று பேர் ‘நானே போப்’ என்று உரிமை கோரிக்கொண்டிருந்தார்கள். பேரவை அந்தப் பிளவைத் தீர்த்தது. 1417-இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்த கட்டடம் இன்றும் துறைமுகத்தருகே கம்பீரமாக நிற்கிறது. சாதனைதான், மறுக்கவில்லை.

ஆனால் அதே பேரவைதான் யான் ஹுஸைக் கொன்றது. பிராகா (பிராக்) நகரில் மக்களுக்குச் செக் மொழியில் பிரசங்கம் செய்தவர். பணத்துக்குப் பாவமன்னிப்பு விற்றதைக் கண்டித்தவர். பத்திரமாக வந்து திரும்பலாம் என்று ஜெர்மன் அரசர் சிகிஸ்முண்ட் கொடுத்த வாக்கை நம்பி வந்தார். சில வாரங்களிலேயே பிடித்து, ஏரித் தீவிலிருந்த மடத்தில் அடைத்தார்கள். அந்த மடம் இன்று சொகுசு ஹோட்டல். தம் கருத்துகளைக் கைவிட அவர் மறுத்தார். 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரித்து, சாம்பலை ரைன் நதியில் கொட்டினார்கள். மறு ஆண்டு அவருடைய நண்பர் ஜெரோமுக்கும் அதே கதி.

பழைய நகருக்கு மேற்கே, வீடுகளுக்கு நடுவில், இருவர் பெயரையும் தாங்கி ஒரு பாறை இருக்கிறது. 1862-இல் வைத்தது. நடந்தே போகலாம்.

சுற்றுலா போன இடத்தில் எதற்கு இந்தத் துயரம் என்று சிலர் கேட்கலாம். ஓர் அரசர் கொடுத்த வாக்கு எவ்வளவு எளிதாக முறிந்தது என்பதை அது முறிந்த மண்ணிலேயே நின்று உணர முடிகிறதே, அதைவிட அந்த ஊர் வேறென்ன தர முடியும்? ஹுஸின் கொடிய சாவுக்காகப் போப் இரண்டாம் ஜான் பால் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது 1999-இல்தான்.

பழைய நகரின் ஷ்னெட்ஸ்டோர் கோபுர வாயிலருகே ஹுஸ் பெயரில் சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகு பாறைக்கு அழைத்துச் செல்லுங்கள்.