காலை இரண்டே முக்கால் மணி நேரம் யாருடையது?

தபால் துறையில் 38 வருடம் வேலை பார்த்தேன். 1985இல் எழுத்தராகச் சேர்ந்து, 2023 மே 31 அன்று ஒரு துணை அஞ்சலகத்தின் போஸ்ட் மாஸ்டராக, கழுத்தில் மாலையோடு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து இறங்கினேன். இரண்டரை வருடம் ஓடிவிட்டது. இப்போது இருக்கிற நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று மனதாரச் சொல்வேன். ஆனால் முதல் நாலு மாதம் அப்படி இல்லை. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிற தம்பிகள் நிறையப் பேர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஓய்வுபெற்றவர்களை நான் வருடக்கணக்காகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணம் போட்டிருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வட்டி வரும். ஆனால் வாரம் மூன்று நாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஃபேன் காற்று, நாலு முகம், கொஞ்சம் பேச்சு. ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "வீட்ல நான் இருந்தா அவளுக்கு வேலை ஓட மாட்டேங்குது தம்பி." அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. மனைவி விரட்டிவிடுகிறார் போலிருக்கிறது என்று அவருக்காக வருத்தப்பட்டேன். அந்த அம்மா பக்கம் என்ன நியாயம் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

என் முறை வந்தது. வந்த முதல் வாரமே அடுக்களை அலமாரியைக் காலி பண்ணி, டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டி, அளவு வாரியாக அடுக்கி வைத்தேன். உதவி செய்கிறோம் என்ற சந்தோஷம் எனக்கு. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கடுகு டப்பாவைத் தேடிக்கொண்டே, குரல் உயராமல் கேட்டாள்: "ஏங்க, நான் என்னைக்காவது உங்க ஆபீசுக்கு வந்து தபாலைப் பிரிச்சு அடுக்குனேனா?"

அவளுக்கு மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை சொந்த நேரம். முப்பது வருடமாக அப்படித்தான். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, தரையில் பாயை விரித்து, திருநெல்வேலி வானொலியைச் சன்னமாக வைத்துக்கொண்டு படுப்பாள். தூங்குவாள், இல்லை சும்மா கிடப்பாள். அந்த வீட்டில் அப்படி ஒரு நேரம் இருப்பதே எனக்குத் தெரியாது, அந்த நேரத்தில் நான் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லையே. நான் வந்த பிறகு மூன்று மணிக்கு "காபி இருக்கா?" என்ற சத்தம் வந்தது. மூன்றரைக்கு "இந்த ஃபைல எங்க வச்ச?" வந்தது. வானொலி நின்றுபோனது.

செப்டம்பர் மாதம் எனக்குப் பறவைப் பித்து பிடித்தது. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "வாங்க அண்ணாச்சி, சும்மா நடந்துட்டு வருவோம்" என்று வேய்ந்தான்குளத்துக்குக் கூட்டிப்போனார். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குளம்தான். ஆயிரம் தடவை பஸ்ஸில் அதைத் தாண்டிப் போயிருப்பேன். அன்றைக்குத்தான் கரையில் நின்று பார்த்தேன். தண்ணீருக்கு மேலே ஒரு கழுத்து மட்டும் பாம்புபோல வளைந்து போனது. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள். பாம்பு என்றே நினைத்தேன். அப்புறம் அது கரைக் கட்டையில் ஏறி, இறக்கை இரண்டையும் விரித்து வெயிலில் காயப்போட்டது. பாம்புத்தாரா என்றார் சார். அன்றைக்கு விழுந்தவன்தான்.

சென்னையில் இருக்கும் மகள் ஒரு பைனாகுலர் வாங்கி அனுப்பினாள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மில்லிமீட்டர் லென்ஸ். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் எட்டரைக்குத்தான் திரும்புவேன். நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வித்தியாசம் பிடிபடவே ஒரு மாதம் ஆனது. இரண்டும் கருப்பாக, கோழி மாதிரி, தண்ணீரில் மிதக்கும். நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளை நாமம். தாழைக்கோழிக்கு அதே இடத்தில் சிவப்பு, மூக்கு நுனி மட்டும் மஞ்சள். பெயர் வைத்தவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்து வைத்திருக்கிறார்கள்! ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். தேதி முத்திரை குத்தியே பழகிய கை, தேதி போடாமல் ஒரு வரி எழுத வராது. அறுபது வயதுக்கு மேல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது பதவி உயர்வு ஆர்டர் வந்த அன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள், நத்தை குத்தி நாரை ஒன்று நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுத்துத் தின்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தேன். அதன் அலகு இரண்டும் மூடினால்கூட நடுவில் இடைவெளி தெரியும். அந்த அதிசயத்தைச் சொல்ல வாயெடுத்தபோது அவள் எனக்காகத் தோசைக்கல்லைச் சூடாக வைத்துக்கொண்டு நின்றாள். அடுக்களைக் கதவின் ஆணியில் பாதி பின்னிய ஒயர் கூடை ஒன்று தொங்கியது. பச்சையும் வெள்ளையும். அடிப்பாகம் முடிந்து, பக்கவாட்டில் நாலு வரிசை ஏறி, மிச்ச ஒயர் எல்லாம் தலைமுடி மாதிரி கீழே சரிந்து கிடந்தது. மேலே தூசி.

"இது எவ்வளவு நாளா இப்படியே கிடக்கு?" என்றேன்.

"நீங்க வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து."

கோபமாகச் சொல்லவில்லை. தேதி கேட்டேன், தேதி சொன்னாள். அவ்வளவுதான்.

நான் குளத்தங்கரையில் நிற்கிற அந்த இரண்டே முக்கால் மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். பால் வாங்கி, மோட்டார் போட்டு, வாசல் தெளித்து, சட்னி அரைத்து, நான் வரும் நேரத்துக்குத் தோசைக்கல்லைச் சூடு பண்ணி வைக்கிறாளே, அங்கிருந்து வருகிறது. பொழுதுபோக்கு என்னுடையது. அதற்கான நேரத்தைத் தன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பவள் அவள். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவழிப்பதாகவும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவழிப்பதாகவும் வந்தது. வீட்டுவேலையே செய்யாதவர்கள் அந்தச் சராசரியில் வரமாட்டார்கள். நான் அந்த 97 நிமிடக் கூட்டத்தில்கூட இல்லை.

ஆகவே தம்பிகளே, ஓய்வுக்குப் பிறகு ஒரு ஹாபி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் உங்கள் ஹாபிக்கு வீட்டுக்காரம்மா நேரத்தைக் கடன் வாங்காதீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும் ரிட்டயர் ஆனால் அது பாதி ஓய்வு.

இப்போது வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி நான் குளத்துக்குப் போவேன். மற்ற நாலு நாள் காலையும் மத்தியானமும் அடுக்களை என் பொறுப்பு. அந்த நாட்களில் அவள் உள்ளே வரமாட்டாள், நானும் கூப்பிட மாட்டேன். டப்பாக்களை அவள் இஷ்டப்படி திரும்ப அடுக்கிக்கொண்டாள். அந்த அடுக்கை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். முதலில் கற்றது உளுந்தஞ்சோறு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் வறுக்கும்போது எப்போது நிறுத்துவது என்பதுதான் வித்தை. கண்ணால் பார்த்தால் தெரியாது, கருப்புத் தொலி நிறம் மாறாது. மூக்குக்குத்தான் தெரியும். வாசனை வந்து ஒரு கிண்டு கிண்டி இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் வெந்தயம், பூண்டு, தேங்காய்த் துருவல் போட்டு குக்கரில் வைத்து, எள்ளுத் துவையல் அரைத்தால் சாப்பாடு முடிந்தது. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அவள் இரண்டாவது முறை போட்டுக்கொண்டபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

அந்தப் பச்சை வெள்ளைக் கூடை நவம்பரிலேயே முடிந்தது. சிவன் கண் பின்னல். அதற்குப் பிறகு நெல்லிக்காய் முடிச்சில் ஒன்று. ஒவ்வொரு முடிச்சும் நெல்லிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும், ஒயரும் நிறையச் சாப்பிடும். கைப்பிடி போடுகிற இடத்தில் அவள் யாரிடமும் பேசமாட்டாள். ஒயரை இழுத்து முறுக்கிக் கடைசி முனையை உள்ளே செருகி மறைக்கிற வரை மூச்சுச் சத்தம்தான் கேட்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அம்மாவிடம் கற்றது. முப்பத்தைந்து வருடம் கூடவே இருந்தும், அந்தக் கையில் இப்படி ஒரு வேலை இருப்பதை நின்று பார்த்ததில்லை. இப்போது முழம் போட்டு ஒயர் வெட்டித் தருவது என் வேலை. ஒன்றுபோல ஒன்று இருக்க வேண்டும், நாலு விரல் குறைந்தாலும் மேல் வரிசையில் மாட்டிக்கொள்ளும்.

"ரெண்டு பேரும் எல்லாத்தையும் சேர்ந்தே செய்யுங்க" என்று அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவளைக் குளத்துக்கு இழுத்துப் போனால் கால் வலிக்கும், நான் கூடை பின்னினால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். தனித்தனியாக இருந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் பேச ஏதாவது இருக்கிறது. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை நான் முன் அறையில் நோட்டோடு இருப்பேன். உள்ளே வானொலி பாடும். மூன்று மணிக் காபி நாலு மணிக்குப் போய்விட்டது, நானே போடுகிறேன்.

ஆனாலும் பொங்கல் சமயத்தில் மட்டும் சேர்ந்துகொள்கிறாள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று தமிழ்நாடு முழுக்க நடக்கும். ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து பார்த்ததை எழுதி அனுப்ப வேண்டும், மொட்டைமாடியே போதும். போன பொங்கலுக்கு இருவரும் மாடியில் உட்கார்ந்திருந்தபோது வேப்பமரத்திலிருந்து "டொக் டொக் டொக்" என்று ஒரு சத்தம். செம்மார்புக் குக்குறுவான் என்று நான் எழுதப் போனேன். "இதுவா? நான் மத்தியானம் படுத்திருக்கும்போது அடிச்சிக்கிட்டே இருக்குமே, செம்புப் பாத்திரப் பட்டறை மாதிரி. இருவது வருசமா கேக்கேன்" என்றாள். பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. பழக்கம் அவளுக்குத்தான் இருந்தது.

2025 ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலராகப் போனேன். 2011இலிருந்து நடக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் ஓய்வுபெற்றவர்கள் யாராக இருந்தாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகளோடு குளம் குளமாகச் சுற்றும் சுகமே தனி.

ஒரு விஷயம் பணத்தைப் பற்றி. பென்ஷன் உள்ளவன் நிம்மதியாகப் பேசலாம், இல்லாதவர்கள் நிலை வேறு என்பது எனக்குத் தெரியும். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம். ஆனால் பென்ஷன் உள்ள வீட்டிலும் ஒரு குறை பார்க்கிறேன். கணவர் இறந்த பிறகு பாஸ்புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, என்ன கேட்பது என்றே தெரியாமல் கவுண்டரில் நின்ற அம்மாக்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை எங்கே இருக்கிறது, நாமினி யார், நவம்பரில் ஆயுள் சான்று கொடுப்பது எப்படி, குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாக அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம்தான் என்பது வரை உட்கார்ந்து சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

இந்த மாதம் வீடு முழுக்க ஒயர். தெரிந்த வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலத்துக்கு 25 சின்னக் கூடை கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். நாங்கள் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போவதாக இருந்தோம். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஊரில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடமாட்டார்கள் என்று சொன்னதிலிருந்து அவளுக்கும் அந்த ஊரைப் பார்க்க ஆசை. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறோம். வெயில் ஏறினால் வாத்துகள் கிளம்பிவிடும் என்று நேற்று ராத்திரி ஒயர் வெட்டிக்கொண்டே சொன்னேன்.

"பதினாலு முடிஞ்சிருச்சி. அதுங்க போறதுக்குள்ள முடிச்சிருவேன். நீங்க அந்த மஞ்ச ஒயரை எடுங்க" என்றாள்.