லோக்கல்தானே, இறங்கிப் போயிடுங்க

நேற்று ராத்திரிதான் மலையை விட்டு இறங்கினேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம், தொண்டை கட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை. வாயால் திட்ட முடியாததால் எழுதித் திட்டுகிறேன். நீளமாகத்தான் போகும்.

ஏற்காட்டில் மூன்று நாள் திரைப்பட விழா. எந்த விழா, யார் நடத்தியது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் எனக்குக் கோபம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. வாலண்டியர் வேண்டும் என்று இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு கூகுள் ஃபார்ம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. தங்குமிடமும் சாப்பாடும் தருவதாகக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறவள். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. மூன்று நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் போனேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, சினிமா பிடிக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது, "கூட யாரு வர்றா?" யாரும் வரவில்லை என்றேன். "அப்புறம் எதுக்குப் போற?" இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூட ஒருத்தி வந்தால் போவதற்குக் காரணம் உண்டு, வராவிட்டால் காரணமே இல்லையா? சித்தி போன் போட்டு, "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா..." என்று இழுத்தாள். எந்த மாப்பிள்ளை? இன்னும் ஜாதகமே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து கேட்டார், "தனியாவாம்மா?" அன்றிலிருந்து இந்த வார்த்தையை எண்ண ஆரம்பித்தேன். பஸ் ஏறும் முன்னாலேயே பதினொன்று ஆகிவிட்டது.

அம்மாபேட்டையிலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அரசாங்கமே ஏறிப் போம்மா என்கிறது, ஏறினால் ஊர் முழுக்க ஏன் தனியாகப் போகிறாய் என்கிறது. ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர் "எத்தனை?" என்றார். ஒண்ணு என்றேன். "ஒண்ணுதானா?" பன்னிரண்டு.

ஏற்காடு ரோட்டில் பஸ் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவைத் தாண்டியபோது, உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ, நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம், மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் இந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தது. அந்தச் சேலத்துக்காரி ஒருத்தி சினிமா விழாவுக்கு வேலை செய்யப் போகிறாள் என்று எனக்கு நானே ஒரு சின்னப் பின்னணி இசை போட்டுக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்த இசை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தபோதுகூட நிற்கவில்லை. மேலே போய் இறங்கியதும் நின்றது.

பதிவு மேசையில் வாலண்டியர் பட்டியல் இருந்தது. என் பேர் இருந்தது. பேருக்கு நேராகத் தங்குமிடம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. ஒருங்கிணைப்பாளர் தம்பி, என்னைவிட நாலு வயசாவது சின்னவன், சிரித்துக்கொண்டே சொன்னான்: "சிஸ்டர், நீங்க லோக்கல்தானே. ஸ்டே வெளியூர் வாலண்டியர்ஸுக்கு மட்டும்தான்."

லோக்கலாம். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் லோக்கல்தான். ஆனால் மலை வரைபடம் மாதிரி தட்டையாகவா கிடக்கிறது? ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சாயங்காலம் ஆனால் எதிரே வருகிற ஆள் தெரியாத பனி. கடைசிப் படம் முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். இதை அவனிடம் சொன்னேன். "லோக்கல் பசங்க எல்லாம் பைக்ல இறங்கிடறாங்களே சிஸ்டர்." பசங்க இறங்கிடறாங்க. சரி. பைக்கும் இல்லாத, பசங்களிலும் சேராத நான் எதில் இறங்குவது? அதற்கு ஃபார்மில் கட்டம் இல்லை போலிருக்கிறது.

சரி, சொந்தக் காசில் ரூம் எடுத்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். இங்கேதான் நிஜமான கூத்து.

முதல் லாட்ஜ், வாசலில் 'அறைகள் உண்டு' பலகை. மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட வந்தவங்க வண்டிய நிறுத்தறாங்களா?" யாரும் வரவில்லை என்றதும் முகம் மாறியது. "ஃபுல்லும்மா." நான் படி இறங்குவதற்குள் ஒரு கணவன் மனைவி ஏறினார்கள், சாவி சத்தம் என் காதிலேயே விழுந்தது. ஏரிக்குப் பக்கத்தில் இரண்டாவது லாட்ஜ். ஆதாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சேலமா? லோக்கல் ஆதாருக்கு ரூம் குடுக்கறதில்லீங்க." ஏன் என்று கேட்டேன். "சேலத்துல வீடு இருக்கறப்ப இங்க எதுக்குத் தங்கறீங்க?" இந்தக் கேள்விக்கு உள்ளே இருக்கிற கேள்வி என்ன என்று நம் எல்லாருக்கும் தெரியும். அவர் அதை வாயால் கேட்கவில்லை, என்னை மேலும் கீழும் பார்த்ததிலேயே கேட்டு முடித்துவிட்டார். விழா அடையாள அட்டையைக் காட்டினேன். அதையும் திருப்பிப் பார்த்தார். அதன் பின்பக்கத்தில் விளம்பரம்தான் இருந்தது.

மூன்றாவது, ஒரு அம்மா வீட்டு மாடியில் இரண்டு ரூம் வாடகைக்கு விடுகிறவர். அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார், மிளகு வாசனையோடு நல்ல காப்பி. அப்புறம் சொன்னார்: "தப்பா எடுத்துக்காத கண்ணு. முன்ன ஒரு பொண்ணு தனியா வந்து ஏதோ பண்ணிக்கப் பாத்துச்சு. பொழைச்சுக்கிச்சு, ஆனா ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைஞ்சது நாங்கதான். உங்க அப்பாவ ஒரு வார்த்தை போன்ல பேசச் சொல்லு, ரூம் தர்றேன்." அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு இருபத்தொன்பது வயசு. கடையில் தினமும் லட்சக்கணக்கில் கணக்கை ஒப்படைக்கிறார்கள், அதற்கு யாரும் அப்பாவிடம் கேட்பதில்லை. தனியாக வருகிற பெண்ணுக்கு ரூம் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சட்டத்தில் இல்லாததை எல்லாரும் சேர்ந்து ஒரு மனதாகக் கடைப்பிடிக்கிறார்கள் பாருங்கள், ஹெல்மெட்டுக்கு இந்த ஒற்றுமை இருந்ததா? அப்பாவுக்கு நான் போன் போடவில்லை. வீம்புதான். காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முதல் நாள் ராத்திரி கடைசிப் படம் முடிந்தபோது மணி பத்தரை. ஒலிபெருக்கி செட் கொண்டுவந்த வேன் ஒன்று அஸ்தம்பட்டி வரை இறங்குகிறது, அதில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதாவது, தனியாக இருக்கிற பெண்ணுக்கு ரூம் கொடுத்தால் பாதுகாப்பு இல்லை என்று ஊரே சேர்ந்து முடிவு பண்ணி, நடுராத்திரி, முன்னே பின்னே பார்த்திராத இரண்டு ஆண்களோடு, பனிக்குள், மலைப்பாதையில் அனுப்பிவைத்தது. இதில் எது பாதுகாப்பு என்று யாராவது எனக்கு விளக்குங்களேன். நல்லவேளை, டிரைவர் அண்ணன் தங்கமான மனுஷன். நடு வழியில் ஒரு காட்டெருமை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது, விளக்கைத் தணித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்போது அவரும் கேட்டார், "தனியாவா கண்ணு வந்தீங்க?" பத்தொன்பது. அந்தக் காட்டெருமையும் தனியாகத்தான் வந்திருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது, விடியற்காலை திரும்பவும் பஸ். எட்டு மணிக்குள் மேலே இருக்க வேண்டும், தாமதமாக வரும் வாலண்டியர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்று குரூப்பில் செய்தி போட்டிருந்தார்கள், கீழே நாற்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

வேலை பற்றி என்ன சொல்ல. நாற்காலி தூக்கினேன், பேனர் கட்டினேன், கேள்வி பதில் நேரத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடினேன், கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து ஏழு நிமிஷம் சொந்தக் கதை சொல்லும் ஒருவர் எல்லாப் படத்துக்கும் எழுந்தார். இதற்கெல்லாம் மட்டும் யாரும் 'தனியாவா?' என்று கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாற்காலியைத் தனியாகத் தூக்கினபோது ஒருத்தருக்கும் கவலை வரவில்லை. சினிமா பார்க்கத்தானே போனாய், பார்த்தாயா என்று கேட்பீர்கள். எனக்குக் கதவு வேலை. படம் ஆரம்பித்ததும் வெளியே நின்று கதவைச் சாத்த வேண்டும், முடியப் போகும்போது உள்ளே வந்து திறக்க வேண்டும். ஆக எட்டுப் படத்தின் கடைசிப் பத்து நிமிஷம் பார்த்திருக்கிறேன். யாரோ அழுகிறார்கள், ஏன் என்று தெரியாது. யாரோ ரயிலில் போகிறார்கள், எங்கே என்று தெரியாது. ஒரு படத்தில் நான் உள்ளே போனபோது திரையில் கடல் மட்டும்தான் இருந்தது, வெளியே வந்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு விருந்தினர் முடித்த பிறகு எங்களுக்கு, அதாவது இரண்டு நாள் ரசம் சாதம். மூன்றாம் நாள் சாம்பார் மிஞ்சியது, அதைப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

முதல் நாள் தொடக்க விழாவில் ஒருவர் சேலத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு என்று அரை மணி நேரம் பேசினார். அதே மாடர்ன் தியேட்டர்ஸ், அதே வளைவு. எல்லாரும் கை தட்டினார்கள். நான் பின்னால் நின்று வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் கூட்டத்தில் நிற்கிற வேஷத்துக்கு வெளியூரிலிருந்து ஒருத்தி பெட்டியோடு தனியாக வந்திருப்பாளே, அவளுக்கு இந்த ஊரில் யார் ரூம் கொடுத்திருப்பார்கள்? அவள் பேர் எந்த உரையிலும் வராது.

இரண்டாம் நாள் ராத்திரி வேனும் இல்லை. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த பெண் வாலண்டியர்கள் நாலு பேர், "அக்கா, பேசாம எங்க ரூமுக்கு வாங்க" என்று கூட்டிப்போனார்கள். ரூமுக்குள் போனதும் எனக்குக் காது ஜிவ்வென்று சூடாகிவிட்டது. ஆறு கட்டில். நாலில்தான் ஆள். வருவதாகச் சொன்ன இரண்டு பேர் வரவில்லையாம், முதல் நாளிலிருந்தே கட்டில் காலி. நான் காட்டெருமைக்குப் பயந்து வேனில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் இங்கே இரண்டு கட்டில் போர்வை மடித்தபடி சும்மா கிடந்திருக்கிறது. காலையில் அந்தத் தம்பியிடம் கேட்டேன். "லிஸ்ட்ல நீங்க லோக்கல்னு இருக்கு சிஸ்டர், நான் மாத்த முடியாதே" என்றான். அதோடு விட்டானா? மத்தியானம் குரூப்பில், 'அனுமதி இல்லாத நபர்களைத் தங்குமிடத்தில் சேர்க்க வேண்டாம்' என்று ஒரு செய்தி. கட்டைவிரல்கள். மதுரைப் பெண் மட்டும் கோபக்கார முகம் ஒன்றைப் போட்டாள். நல்லா இரு தாயி.

நேற்று நிறைவு விழா முடிந்து இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கியதும் நேராக ஒரு தள்ளுவண்டிக்குப் போய் தட்டுவடை செட் வாங்கினேன். காரச் சட்னி கொஞ்சம் கூட வைங்கண்ணா என்றேன். அவர் எதுவுமே கேட்கவில்லை, எத்தனை செட் என்று மட்டும் கேட்டார். ஒண்ணு என்றேன், சரி என்று போட்டுக் கொடுத்தார். அழுகை வந்துவிட்டது, காரத்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குக் காலையில் கருத்துக் கேட்கும் ஃபார்ம் வந்திருக்கிறது. அதை நிரப்பி அனுப்பினால்தான் சான்றிதழாம். நாலாவது கேள்வி, 'தங்குமிட வசதி எப்படி இருந்தது?' ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை ஏதாவது ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும், காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. தங்கவே விடவில்லை என்று எழுத இடமில்லை. மதியத்திலிருந்து அந்தப் பக்கம் அப்படியே திறந்து கிடக்கிறது.